சாம்பிள் பையில் இரண்டு கை சாமி மண்

1. யூரியா சாக்கு

வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்கு வந்த முதல் மண் யூரியா சாக்கில் வந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டோடு இருந்தவளுக்கு, இராஜபாளையத்தில் ஓர் உரக்கடையில் 'லேப் கெமிஸ்ட்' வேலை கிடைத்தது. லேப் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். முந்தின வாரம் வரை பூச்சிமருந்து டப்பா அடுக்கியிருந்த பின்கட்டு அறை. ஒரு பி.எச். மீட்டர், உப்பு பார்க்க ஓர் இ.சி. மீட்டர், சல்லடை, மண்ணாங்கட்டி தட்ட ஒரு மரச்சுத்தி, கொஞ்சம் பீக்கர், சத்து பார்க்க நாலைந்து ரசாயனப் புட்டி. அவ்வளவுதான். சன்னலைத் திறந்தால் வேப்ப மரமும் பக்கத்து பேண்டேஜ் கம்பெனியின் சுவரும் தெரியும்.

எங்கள் முதலாளிக்கு வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். அவருடைய திட்டம் எளிமையானது. விவசாயிக்கு மண்ணை இலவசமாகப் பரிசோதித்துக் கொடுப்பது, என்ன உரம் என்று பேப்பரில் எழுதுவது, அந்த உரத்தை முன்கட்டில் விற்பது.

"நீ மண்ணைப் பாத்துச் சொல்லும்மா. மத்ததை நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார்.

முதல் மண்ணில் தழைச்சத்து எக்கச்சக்கமாக வந்தது. திரும்பச் செய்தேன். அப்படியேதான் வந்தது. வெளியே போய், "உங்க நிலத்துக்கு யூரியாவே வேண்டாம் ஐயா" என்று சொல்லிவிட்டேன். கல்லாவில் இருந்த முதலாளியின் முகம் செத்துப்போனது. பிறகுதான் மண் வந்த சாக்கைப் பார்த்தேன்.

"சாக்கைக் கழுவலையா?"

"எதுக்குத் தாயி கழுவ? மண்ணைத்தான போடுதோம், மாவையா போடுதோம்?" என்றார் அந்தப் பெரியவர்.

அன்றே பேண்டேஜ் கம்பெனியில் கழித்துப்போட்ட காடாத்துணியைக் கேட்டு வாங்கி, அரைக் கிலோ பிடிக்கிற மாதிரி பைகள் தைத்தேன். மண் எடுக்கப் போகிறவர்களுக்கு அதில் ஒன்றைக் கொடுத்து அனுப்புவேன். டவுன் பஸ்ஸில் அந்த வெள்ளைப் பைக்கட்டோடு போகும்போது கண்டக்டர் கேட்பார், "யாருக்கும்மா கட்டு? ஆஸ்பத்திரியா?" மண்ணுக்கு என்பேன். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தபடி என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

2. சிங்காரித்த மண்

சாம்பிள் எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. வரப்போரம் எடுக்கக்கூடாது, மர நிழலில் எடுக்கக்கூடாது, எருக்குமி கிடந்த இடத்தில் எடுக்கக்கூடாது. வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பத்து இடத்தில் ஆங்கில 'வி' மாதிரி குழி வெட்டி, ஓரத்து மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரு விரிப்பில் கொட்டிக் கலந்து, நான்கு பாகமாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பாகத்தைத் தள்ளிவிட வேண்டும். மிச்சத்தை மறுபடி கலந்து, மறுபடி நான்கு. அரைக் கிலோ வரும்வரை இப்படியே. இதைக் கால்பங்கு பிரித்தல் என்போம். முழு வயலும் அந்தச் சின்னப் பைக்குள் வந்துவிட வேண்டும் என்பதுதான் கணக்கு.

எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? இருப்பதிலேயே நல்ல மண்ணாகப் பார்த்து அள்ளிக்கொண்டு வருவார்கள். எருக்குமி அடியில் கிடந்த கறுத்த மண். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் பக்கத்து வீட்டுச் சங்கிலியை வாங்கிப் போட்டு நிறுத்துகிற ஊர்தானே. வந்த இடத்தில் மானம் போகக்கூடாது. நான் திட்டுவேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். "டாக்டர்கிட்டப் போகும்போது நல்ல கையையா காட்டுவீங்க, நோவுற கையையா?" என்று கேட்பேன். சிரிப்பார்கள். அடுத்த தடவையும் எருக்குமி மண்ணே வரும்.

மகாராஜபுரம் பக்கத்து ஆள் ஒருவர் மண்ணைச் சலித்து, கல் பொறுக்கி, வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்தார். அரிசி மாதிரி இருந்தது. அவரைத் திட்ட மனசு வரவில்லை.

3. வேலுத்தாய் கொண்டுவந்த பை

வேலுத்தாய் மம்சாபுரத்துக்காரி. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். கணவர் கருப்பசாமிக்கு இராஜபாளையத்தில் நூல் மில்லில் ஷிப்ட் வேலை. இரண்டு பெண் பிள்ளைகள். கருப்பசாமியின் அப்பா உழுத வயல்தான் இவர்களுக்கு இருந்த ஒரே சொத்து. தண்ணீருக்கு ஆழ்துளைப் போர் போட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்த மூன்று வருடமும் நாற்று நட்டதும் மஞ்சளாகிக் கருகிக்கொண்டிருந்தது. மில் சம்பளம் வயலுக்குள் போய்த் திரும்பி வரவே இல்லை.

அந்தச் சமயத்தில் செங்கல் சூளைக்காரர் ஒருவர் வயலைக் கேட்டார். விலைக்கு இல்லை, மேல்மண்ணை மூன்றடி ஆழத்துக்கு வெட்டி எடுத்துக்கொள்ள. மேல்மண் போனால் அப்புறம் அது வயல் இல்லை, பள்ளம். கருப்பசாமிக்கு அது தெரியும். ஆனாலும் அலுத்துப்போயிருந்தார்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வேலுத்தாய் என்னிடம் வந்தபோது சொன்னது ஒன்றே ஒன்று.

"நீ சொன்னாப்புல பத்து எடத்துலயும் எடுத்திருக்கேன் தாயி. நல்லாப் பாத்துச் சொல்லு."

பையை இரண்டு கையாலும் நீட்டினாள். கால்பங்கு பிரித்தீர்களா என்று கேட்டேன். பிரித்தேன் என்றாள். வரப்போரம்? இல்லை. எருக்குமி? இல்லை. எனக்கு மனசு நிறைந்துபோனது. ஒருத்தியாவது நான் சொன்னதைக் கேட்டாளே!

சலிக்கும்போது சல்லடையில் ஒரு சின்னச் சுட்ட மண் ஓடு தங்கியது. சிவப்பு. ஒரு பக்கம் சுண்ணாம்பு பூசி, அதன் மேல் கறுப்பாக ஒரு வளைந்த கோடு. அழகாக இருந்தது. தூக்கிப்போடாமல் சன்னல் திட்டில் வைத்தேன். மண்ணில் தண்ணீர் விட்டதும் மழை பெய்த தோப்பின் வாசம் வந்தது. பி.எச். கொஞ்சம் கூடுதல்தான், பயப்படும்படி இல்லை. உப்பும் அளவுக்குள் இருந்தது. 'நல்ல மண். வழக்கமான உரம் போதும்' என்று எழுதினேன்.

பேப்பரை வாங்கக் கருப்பசாமி வந்தார். ஷிப்ட் முடிந்து நேரே வந்திருந்தார். தலையெல்லாம் பஞ்சு. படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன்.

"உப்பு இல்லைங்களா?"

"இல்லைண்ணே. நல்ல மண்ணு."

"ரொம்ப சந்தோசம்மா" என்று பேப்பரை மடித்துப் பையில் வைத்தார். அவர் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். எனக்கு என்னவோ போலிருந்தது.

4. நல்ல பேப்பர் செய்த வினை

நாலைந்து நாளில் வேலுத்தாய் கடைக்கு வந்தாள். முன்கட்டில் வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. யாரையும் பார்க்காமல் நேரே பின்கட்டுக்கு வந்து என் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன தாயி இப்பிடி எழுதிக் குடுத்துட்ட?"

"நல்ல மண்ணுன்னுதானக்கா எழுதினேன்?"

"அதான் வெனையாப் போச்சு. சூளைக்காரரு அதுவரைக்கும் யோசிச்சுக்கிட்டுல்லா இருந்தாரு. உப்பு மண்ணுன்னா செங்கல்லு வெள்ளை பூத்துரும், பேப்பர் வாங்கிட்டு வா பாப்போம்னாரு. இப்ப பேப்பர் வந்துட்டு. வார வெள்ளிக்கெழமை மண்ணு எடுக்க லாரி வருதாம்."

"சூளைக்காகவா டெஸ்ட் எடுத்தீங்க?"

"அவருக்குச் சூளைக்கு. எனக்கு வேற. நல்ல மண்ணுன்னு வந்துட்டா இம்புட்டு நல்ல மண்ணையா வெட்டிக் குடுக்கன்னு எங்க வீட்டுக்காரரு மனசு மாறிருவாருன்னு நெனச்சேன். அவரு என்ன சொல்லுதாரு தெரியுமா? மண்ணுல கொறை இல்ல, நமக்குத்தான் ராசி இல்லங்காரு."

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நல்ல மண் என்றால் பயிர் ஏன் கருகுகிறது? இந்தக் கேள்வியை நான் உரக்கவே கேட்டேன். வயலைப் பார்க்காமல் இது தெரியாது என்று தோன்றியது.

முதலாளியிடம் போய் நின்றேன். விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரே மண்ணுக்கு ரெண்டு பேப்பரா? ஏமம்மா இது! நாளைக்கு ஊரே சிரிக்கும். எந்தப் பேப்பரை நம்பன்னு கேப்பான்."

"அது ஒரே மண்ணுதானான்னு பாக்கத்தான் போறேன் முதலாளி."

"சண்டைக்காரிய வேலைக்கு வச்சேன் பாரு, என்னையச் சொல்லணும்" என்று முணுமுணுத்தார். பிறகு கடைப் பையனைக் கூப்பிட்டு, அம்மாவுக்கு மண்வெட்டி ஒன்று எடுத்துக் கொடு என்றார். அவர் சம்மதம் எப்போதும் அப்படித்தான் வரும்.

5. காலுக்குச் சொல்வது

மம்சாபுரத்தில் பஸ் இறங்கி நானும் வேலுத்தாயும் கண்மாய்க் கரை வழியாக நடந்தோம். வயலைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. மேலே சாம்பலைத் தூவினாற்போல வெள்ளை பூத்திருந்தது. மிதித்தால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. அதற்குக் கீழே பாறை மாதிரி இறுகிய மண். ஒரு செம்பு தண்ணீரை ஊற்றினேன். உள்ளே போகாமல் அப்படியே கலங்கி நின்றது. உப்பேறிக் கெட்ட களர் மண். படிக்கிற பிள்ளைகளுக்குக் காட்டலாம், அவ்வளவு சுத்தமான களர். நான் பரிசோதித்த மண் இது இல்லவே இல்லை.

வெயில் தாங்கவில்லை. "வா தாயி, கோயில்ல செத்த நேரம் இருந்துட்டுப் போவோம்" என்றாள். வயலின் தென்மூலையை ஒட்டி ஒரு சின்னத் தோப்பு. வேம்பும் புளியும் இலுப்பையும். நடுவில் மூன்று பீடங்கள். ஒன்று அய்யனார். மற்ற இரண்டும் இந்த நிலத்தை முதன்முதலில் திருத்தி உழுத அண்ணனும் தம்பியும் என்றாள். அவர்களுடைய வகையறா முழுவதும் அந்த இரண்டு பேர் வழி வந்தவர்கள். முன்னால் வரிசையாக மண்குதிரைகள். மழையில் நனைந்து உடைந்தவை, புதியவை, தலை இல்லாதவை.

"செருப்பைக் கழத்திரு தாயி."

நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். ஆனாலும் கழற்றினேன். கால் வைத்ததும் மண் உள்வாங்கியது. குளிர்ச்சி. வெளியே அவ்வளவு வெயில் அடிக்கும்போது பாதம் வழியாக அந்தக் குளிர்ச்சி முழங்கால் வரை ஏறியது. சருகு மக்கிய வாசம் வந்தது. அந்த வாசம் எனக்குத் தெரியும். நிமிர்ந்து குதிரைகளைப் பார்த்தேன். சிவப்பு ஓடு, சுண்ணாம்பு, அதன் மேல் கறுப்பில் வரைந்த கண். என் சன்னல் திட்டில் இருந்தது குதிரைக் கண்ணின் ஒரு துண்டு.

"அக்கா, அன்னைக்குக் கொண்டுவந்த பையில இந்த மண்ணைக் கலந்தீங்களா?"

அவள் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. "ஆமா. ரெண்டு கை போட்டேன். பின்ன போடாம?"

"எதுக்குக்கா?"

"எங்க வழக்கம் தாயி. வீடு கட்டும்போது இங்கன ஒரு பிடிமண்ணு எடுத்து, வானம் தோண்டுன கடைக்கால் குழியில போட்டோம். கெணறு தோண்டும்போது போட்டோம். எங்க கல்யாணத்துக்குப் பந்தக்கால் குழியில போட்டோம். நெலத்தைப் பத்தி ஒரு கேள்வி கேக்கப் போறோம். நெலத்தை உழுத பெரியவியகிட்டச் சொல்லாமயா கேக்க? அவிய கையும் அதுல இருக்கணும்லா."

எனக்குக் கோபம் வந்தது. மூக்கு நுனிவரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. எருக்குமி மண்ணுக்குக் கத்தின என்னால் இவளிடம் கத்த முடியவில்லை. சிரித்துவிட்டேன். பத்து இடத்தில் குழி வெட்டி, ஒழுங்காகக் கால்பங்கு பிரித்து, கடைசியில் அதன் தலையில் இரண்டு கை முன்னோரைப் போட்டுக் கொண்டுவந்திருக்கிறாள். அவர்களும் வந்து வயலின் நோயை என் மீட்டரிலிருந்து மறைத்துவிட்டார்கள்.

அவளும் என் சிரிப்பைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு தரையைக் காலால் தடவியபடி சொன்னாள்.

"பெரியவிய காதுல வந்து பேச மாட்டாவ தாயி. காலுக்குத்தான் சொல்லுவாவ. இங்கன நின்னா குளுருது. ஒரு எட்டு வயலுக்குள்ள வச்சா குத்துது. மூணு வருசமா நித்தம் சொல்லிக்கிட்டுத்தான் இருக்காவ. என்ன சொல்லுதாவன்னுதான் எனக்கு வெளங்கல."

எனக்கும் அப்போது முழுசாக விளங்கவில்லை. ஆனால் ஒன்று உறைத்தது. வயலும் கோயிலும் ஒரே மண். நடுவே ஒரு வரப்புதான். இங்கே உதிர்ந்த இலையை அள்ளக்கூடாது, விறகு ஒடிக்கக்கூடாது, ஆடு வந்து படுத்தால் விரட்டக்கூடாது என்று கட்டுப்பாடு. போர்த் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட இந்தப் பக்கம் வந்ததில்லை. மூன்று சாம்பிள் எடுத்தேன். வயல் மண் ஒன்று, கோயில் மண் ஒன்று. மூன்றாவது போர்த் தண்ணீர், அதற்கு வேலுத்தாய் ஒரு பாட்டில் கொண்டுவந்தாள்.

6. இரண்டாவது பேப்பர்

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் பேப்பரோடு நானே போனேன். வயல் மண்ணின் பி.எச். எட்டுக்குள் இருக்க வேண்டியது, ஒன்பதைத் தாண்டியிருந்தது. போர்த் தண்ணீர் அதைவிட மோசம். கோயில் மண் மட்டும் குழந்தை மாதிரி சமர்த்தாக இருந்தது.

கருப்பசாமி வாசலில் சூளைக்காரரோடு உட்கார்ந்திருந்தார். நான் படித்ததும் கருப்பசாமியின் முகம் சிவந்தது.

"அப்ப மொதப் பேப்பர்ல இருந்தது யாரு மண்ணும்மா?"

"பாதி உங்க மண்ணுண்ணே. பாதி உங்க முப்பாட்டன் மண்ணு."

வேலுத்தாய் கதவுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டாள். கருப்பசாமி அவளையே பார்த்தார். சூளைக்காரர் எழுந்து வேட்டியைத் தட்டினார். "உப்பு மண்ணு எனக்கு ஆகாதுப்பா. வேற எடம் பாத்துக்கிடுதேன்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நிலம் தப்பித்தது என்று எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷம். கருப்பசாமி அதைக் கலைத்தார்.

"சூளையும் போச்சு, வெள்ளாமையும் போச்சு. இனி நான் என்னம்மா செய்ய? நீங்க பேப்பரைக் குடுத்துட்டு பஸ் ஏறிருவிய. நான் இந்த உப்பை வச்சு நாக்கா வழிக்க?"

அந்த வார்த்தை சுட்டது. அவர் கேட்டதில் தப்பில்லை. நோயைச் சொல்லிவிட்டு வைத்தியம் சொல்லாமல் வருகிறவளுக்கு எதற்குச் சம்பளம்? உட்கார்ந்து விளக்கமாகச் சொன்னேன். ஜிப்சம் போட்டால் மண்ணைப் பிடித்திருக்கிற உப்பு விடும். விட்ட உப்பை நல்ல தண்ணீர் நிறுத்திக் கழுவ வேண்டும். கழுவின தண்ணீர் வயலைவிட்டு வெளியே போக வேண்டும். போக வழி இல்லையென்றால் ஜிப்சமும் வீண், உழைப்பும் வீண்.

"உங்க வயலுக்கு வடிகால் எந்தப் பக்கம்ணே?"

"வடிகாலா? அதெல்லாம் கெடையாது. நாலு பக்கமும் வரப்புதான்."

சொல்லிவிட்டுத் தரையில் வயலைக் கோடு இழுத்துக் காட்டினார். விரல் தென்மூலைக்கு வந்ததும், யாரிடமோ கேட்பதுபோல மெதுவாகச் சொன்னார்.

"எங்க அய்யா சிவராத்திரிக்கு முந்தின வாரம் கோயிலுக்கு ஓடை வெட்டுவாரு. வயலோட தென்மூலையில ஆரம்பிச்சு, பீடத்துக்குப் பின்னால சுத்தி, கண்மாய் நெறஞ்சா மறுகால் பாயுற பள்ளம் வரைக்கும். வருசா வருசம். சாமி கால் நனையணும்னு சொல்லுவாரு."

"இப்ப அந்த ஓடை?"

"அவரு போனபொறவு நான் வெட்டல. மில்லுல லீவு கெடைக்காது. சாமி காலுக்கு ஒரு கொடம் தண்ணி ஊத்துனா ஆகாதான்னு விட்டுட்டேன். மண்ணடிச்சுத் தூந்துபோச்சு." விரல்விட்டு எண்ணினார். "அதுக்கு அடுத்த வருசம்தான் போரு போட்டோம்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். போர் உப்பைக் கொண்டுவந்து கொட்டியது. உப்பு வெளியேறும் வழியை அதற்கு முந்தின வருடமே மூடியாகிவிட்டது. அந்த வழியை மூடாமல் காப்பதற்கு யாரோ ஒரு காலத்தில் சாமியின் காலை அதில் வைத்திருக்கிறார்கள். வடிகால் வெட்டு என்று சொன்னால் நம்மவர்கள் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். சாமி கால் நனைய வேண்டும் என்றால் தள்ளிப்போட மாட்டார்கள். முன்னோருக்கு நம்மைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது.

வேலுத்தாய் மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "அதையா தாயி இத்தனை நாளாச் சொல்லிக்கிட்டு இருந்தாவ?"

7. மண்வெட்டிக்குத் தெரிந்தது

ஞாயிற்றுக்கிழமை ஓடை வெட்ட ஆரம்பித்தோம். 'தோம்' என்பது மரியாதைக்கு. வெட்டியது கருப்பசாமி. ஓடை இருந்த அடையாளமே இல்லை. மேலெல்லாம் சீமைக்கருவேலம். அவருக்கு ஆரம்பமும் முடிவும் நினைவிருந்தது, நடுவழி நினைவில்லை. நான் ஒரு ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்து, இப்படிப் போகலாம் என்று குச்சி ஊன்றினேன். இரண்டு இடத்தில் வெட்டிப் பார்த்தார். மண்வெட்டி கல்லில் பட்டதுபோலக் கணீரென்றது.

மூன்றாவது வெட்டு, என் குச்சிக்கு ஓரடி தள்ளி, கைதவறி விழுந்தது. மண்வெட்டி பிடிவரை இறங்கியது.

இழுத்தார். அடுத்த வெட்டும் இறங்கியது. இடப்பக்கம் போட்டார், கணீர். வலப்பக்கம், கணீர். நடுவில் வெண்ணெய். அப்புறம் அவர் என் குச்சியைப் பார்க்கவே இல்லை. மண்வெட்டி எங்கே இறங்குகிறதோ அங்கே போனார். ஒரு புளிய மர வேரைச் சுற்றி வளைந்து, பீடத்துக்குப் பின்னால் திரும்பி, பாம்பு போன தடம் மாதிரி ஓடை தானாக வெளியே வந்தது. பாதி வழியில் நின்றுவிட்டார். மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தார்.

"எங்க அய்யா வெட்டுன தடம்மா இது. அவருக்கு மின்ன அவரு அய்யா வெட்டுனது. கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறாவ."

அழுதார். வேலுத்தாய் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். தலைமுறை தலைமுறையாக வெட்டி வண்டல் படிந்த இடம் இளகித்தான் இருக்கும், இரண்டு பக்கமும் இறுகித்தான் இருக்கும். இந்த விளக்கம் அன்றைக்கே எனக்குத் தெரியும். இன்றைக்கும் அதுதான் சரியான விளக்கம் என்று நினைக்கிறேன். அவர் சொன்னதும் சரி என்றுதான் நினைக்கிறேன். எனக்கும் கண் கலங்கியது. குச்சிகளைப் பிடுங்கி ஓரமாக வைத்தேன்.

சாயங்காலம் முதலாளி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். இரண்டு பேப்பர் கொடுத்த வயலைப் பார்க்க வந்தாராம். ஓடையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தார்.

"ஜிப்சம் ஒரு லோடு சொல்லியாச்சு, தூத்துக்குடியில இருந்து வருது. அதுல எனக்கு ஒரு லாபமும் இல்ல, தெரிஞ்சுக்கோ" என்றார் என்னிடம். பிறகு பீடத்துப் பக்கம் திரும்பி, செருப்பைக் கழற்றிவிட்டு, கும்பிட்டார்.

8. பாட்டில் தண்ணீர்

ஐப்பசி மழைக்கு முன்னால் ஜிப்சம் தூவி உழுதார்கள். போரை நிறுத்திவிட்டார்கள். மழை வந்தது. வயலில் தேங்கிய தண்ணீர் ஓடை வழியே டிகாக்ஷன் நிறத்தில் வெளியேறியது. வேலுத்தாய் வாராவாரம் அந்தத் தண்ணீரை ஹார்லிக்ஸ் பாட்டிலில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் கடைக்கு வருவாள்.

"பாட்டிலைக் கழுவினீங்களாக்கா?"

"கழுவினேன். சாமி தீர்த்தம் ஒரு சொட்டு கலக்கல, போதுமா?"

கடையில் எல்லோரும் சிரிப்பார்கள். ஒவ்வொரு வாரமும் மீட்டர் முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. நிறமும் வெளுத்தது. பிறகு பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து, பூ வருமுன் மடக்கி உழுதார்கள். அடுத்த வருடம் நெல் போட்டார்கள். ஓரங்களில் கருகியது, நடுவில் நின்றது. அதற்கடுத்த வருடம் ஓரமும் நின்றது. மண் அவசரப்படாது. அவசரம் எல்லாம் நமக்குத்தான்.

சிவராத்திரிக்கு முந்தின வாரம் கருப்பசாமி மில்லில் சண்டை போட்டு லீவு வாங்கிவிடுவார் என்று வேலுத்தாய் சொல்வாள். என்ன காரணம் சொல்லி வாங்குகிறார் என்று கேட்டேன். "எங்க அய்யா கூப்புடுதாருன்னு சொல்லுவாராம். மேஸ்திரி, ஒங்கய்யாதான் செத்துட்டாரேலேன்னு கேப்பாராம்" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

9. பிடிமண்

தொண்ணூறுகளில் எனக்குக் கல்யாணமாகி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன வீடு கட்ட ஆரம்பித்தோம். கடைக்கால் போடுகிற அன்று பாஸ்டர் வந்து ஜெபம் செய்துவிட்டுப் போயிருந்தார். கொத்தனார் கலவைக்குக் காத்திருந்தார். அப்போது வேலுத்தாய் வந்து இறங்கினாள். கையில் பழுப்பேறிய ஒரு காடாத்துணிப் பை. நான் தைத்துக் கொடுத்ததுதான்.

"பிடிமண்ணு கொண்டாந்திருக்கேன் தாயி. குழியில போடு."

என் அம்மா என் கையைப் பிடித்து இழுத்து, "நம்ம வழக்கத்துல இது இல்லையேடி" என்று காதைக் கடித்தார். இல்லைதான். எங்கள் தாத்தாவுக்கு முந்தி எங்கள் ஆட்கள் எந்த மண்ணை உழுதார்கள், எந்த ஓடையை வெட்டினார்கள் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. கேட்டால் சொல்லவும் ஆள் இல்லை. அன்றைக்கு அந்தப் பையைக் கையில் வாங்கியபோது அது எனக்குப் பெரிய குறையாகத் தெரிந்தது.

பையைப் பிரித்தேன். கறுத்த, பொலபொலப்பான மண். பழக்கதோஷம், வாய் கேட்டுவிட்டது.

"கோயில்ல எடுத்ததாக்கா?"

"இல்ல. வயல்ல எடுத்தேன்."

"வயல்ல எங்க?"

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "வரப்போரம் இல்ல. மர நெழல் இல்ல. எருக்குமி கெடந்த எடம் இல்ல. பத்து எடத்துல குழி போட்டு, கலந்து, நாலாப் பிரிச்சு, ரெண்டைத் தள்ளி, திரும்பக் கலந்து பிரிச்சது. முழு வயலும் அதுக்குள்ள இருக்கு. போதுமா?"

"கூட சாமி மண்ணு ரெண்டு கை?"

"அது எதுக்கு?" என்றாள் வேலுத்தாய். "இப்ப ரெண்டும் ஒண்ணுதான தாயி."

மண் பரிசோதனை வேலைக்கு இன்று வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். மீட்டரை நம்புங்கள், அது பொய் சொல்லாது. ஆனால் மண் கொண்டுவருகிறவரிடம் எந்த இடத்தில் எடுத்தீர்கள் என்று கேட்பதோடு நிற்காமல், அதில் வேறு என்ன போட்டீர்கள், ஏன் போட்டீர்கள் என்றும் கேளுங்கள். ஏன் என்பதற்கு அவர்கள் சொல்லும் பதில் நீளமாக இருக்கும். பொறுமையாகக் கடைசிவரை கேளுங்கள்.

அன்று அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைக்கால் குழிக்குள் இறங்கினேன். பையை மூலையில் கவிழ்த்துவிட்டு அந்த மண் மேல் ஏறி நின்றேன். காலுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. கொத்தனார் கூப்பிடும்வரை நான் மேலே வரவில்லை.